பழைய படங்களில் காணாமற்போன மக்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் எடுக்கப்பட்ட சிங்கப்பூர் நிழற்படங்களைக் காண்போர் வியப்படைவர். கட்டடங்கள் தெளிவாக நிற்கின்றன. தெருக்களோ பல படங்களில் வெறிச்சோடிக் கிடக்கின்றன. உழைப்பாளர் நிறைந்த துறைமுக நகரில் மக்கள் எங்கே போயினர்? விடை, நிழற்படக் கலையின் அடிப்படை விதியொன்றில் உள்ளது.

படத்திற்கு வேண்டிய ஒளியை அளப்பவை இரண்டு: வில்லையின் துளை, ஒளி புகும் நேரம். குழாயை அகலத் திறந்தால் குடம் விரைவில் நிறையும். சிறிதே திறந்தால் நெடுநேரம் ஆகும். எஃப் 8 என்னும் துளைக்கு விநாடியில் 125இல் ஒரு பங்கு நேரம் போதுமாயின், அதனிற் சிறிய எஃப் 11 துளைக்கு 60இல் ஒரு பங்கு வேண்டும். இரண்டிலும் ஒளியின் அளவு ஏறத்தாழ ஒன்றே. படத்தின் தன்மை ஒன்றன்று. சிறுதுளை அண்மையையும் சேய்மையையும் ஒருங்கே தெளிவாக்கும். நீண்ட நேரமோ அசைவனவற்றை மங்கச் செய்யும்.

தாகேர் கண்ட முறை 1839இல் பாரிசில் அறிவிக்கப்பட்டது. 1844இல் பிரெஞ்சுச் சுங்க அதிகாரி ஜூல் இத்தியே சிங்கப்பூர் ஆற்றைப் படமெடுத்தார். 1851இல் ஈரத்தகட்டு முறை வந்தது. ஜான் தாம்சன் இங்கு 1862இல் வந்து தொழில் செய்தார். லாம்பர்ட் நிறுவனம் 1867இல் தோன்றியது. ஈரத்தகடும் ஒளியை மெல்லவே ஏற்றது. நகர்க்காட்சி முழுதும் தெளிவுற வேண்டித் துளையைச் சுருக்கினர். வில்லையின் மூடியைக் கையால் அகற்றிச் சில விநாடிகள் எண்ணி மீண்டும் மூடினர். அதற்குள் நடந்து கடந்தவர் உருவம் தகட்டில் பதியவில்லை, நின்றவரே நிலைத்தனர். 1838இல் தாகேர் எடுத்த பாரிஸ் தெருப் படத்தில், காலணிக்கு மெருகிட நின்றவர் மட்டும் தெளிவாகத் தெரிவது இதனாலேயே.

உருவப்படம் எடுப்போர் துளையை அகலமாக்கி நேரத்தைக் குறைத்தனர். தலை அசையாதிருக்கப் பின்னால் இரும்புத் தாங்கியும் வைத்தனர். எனவே பணம் கொடுத்து அமர்ந்தோர் முகம் தெளிவாக எஞ்சியது.

1825 முதல் 1873 வரை இந்தியக் கைதிகள் இந்நகரில் சாலைகள் அமைத்தனர். 1856இல் தொடங்கிய செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயப் பணியிலும் உழைத்தனர். தேவாலயம் படத்தில் நிற்கிறது. தெருவில் உழைத்து நடமாடியோர் பதியாது போயினர். ஆகவே படத்தின் வெறுமையை ஊரின் வெறுமையாகக் கொள்ளலாகாது. அவர்களை அறியச் சிறைக் குறிப்புகளையும் எழுத்துச் சான்றுகளையும் நாடவேண்டும்.

மாணவர் இதனை நேரிலும் சோதிக்கலாம். அந்திவேளையில் சிராங்கூன் சாலையோரம் கேமிராவை முக்காலியில் நிறுத்தி, சிறுதுளை வைத்து இருபது விநாடி திறந்திருக்கச் செய்க. கடைவீடுகள் தெளிவாக விழும். கூட்டமோ புகைபோல் மங்கும். அதே இடத்தைப் பெருந்துளையில் குறுகிய நேரத்தில் மீண்டும் எடுத்து, இரண்டையும் வகுப்பில் அருகருகே வைத்துக் காண்க.