பழுதுபார்ப்பதும் உரிமை கோருவதும்: எருசலேம் திருக்கல்லறை ஆலயத்தில் அளவைக் கருவிகள் செய்த வேலை

எருசலேமின் திருக்கல்லறை ஆலயத்தில் ஒரு விளக்கைத் தொங்கவிடுவதும் ஒரு படியைப் பெருக்குவதும் உரிமைச் செயல்கள். கிரேக்க ஆர்த்தடாக்ஸ், கத்தோலிக்க, ஆர்மீனியத் திருச்சபைகள் ஆலயத்தின் பெரும்பகுதியையும், காப்டிக், எத்தியோப்பிய, சிரிய சபைகள் சிறு பகுதிகளையும் வழிபாட்டுக்குப் பயன்படுத்தி வருகின்றன. இவர்களுக்கிடையே மூண்ட பூசல்களைத் தீர்க்க முடியாத ஒட்டோமான் சுல்தான்கள், 1757இலும் 1852இலும் ஆணை பிறப்பித்து, அன்றிருந்த நிலையை அப்படியே நிறுத்திவைத்தனர். 1878ஆம் ஆண்டின் பெர்லின் உடன்படிக்கை அதற்குப் பன்னாட்டு ஒப்புதல் தந்தது. பிரிட்டிஷ் ஆட்சிக்காலத்தில், 1929இல், இந்த நடைமுறைகளைத் தொகுத்த அதிகாரி எல். ஜி. ஏ. கஸ்ட் அதன் கருவையே பதிவு செய்திருக்கிறார்: கூரையையோ தரையையோ பழுதுபார்க்கும் அதிகாரம் ஒருவருக்கு உண்டென்றால், அந்த இடம் அவருக்கு மட்டுமே உரியது என்று பொருள். இந்த விதி அமைதியைக் காத்தது உண்மை. அதற்கு விலையாகக் கட்டடம் இடிந்துகொண்டிருந்தது. ஒருவர் செப்பனிட முன்வந்தால் மற்றவர் தடுத்தே ஆக வேண்டும். தடுக்காவிட்டால் உரிமை போய்விடும்.

இயேசுவினுடையது என நம்பப்படும் கல்லறையின் மேல் எழுந்துள்ள சிற்றாலயமே இதற்குச் சான்று. 1808இன் தீவிபத்துக்குப் பிறகு கிரேக்கக் கட்டடக் கலைஞர் நிக்கோலாஸ் கொம்னினோஸ் அதை 1810இல் மீண்டும் எழுப்பினார். 1927இன் நிலநடுக்கம் ஆலயத்தை உலுக்கியது. சிற்றாலயம் சரிந்துவிடாமலிருக்க, 1947இல் பிரிட்டிஷ் அரசு அதை இரும்புச் சட்டங்களால் இறுக்கிக் கட்டியது. தற்காலிகமாகப் பூட்டிய அந்தச் சட்டங்கள் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் அங்கேயே நின்றன. ஆலயத்தைச் சீரமைக்க மூன்று திருச்சபைகளும் 1959இல் ஒப்புக்கொண்டும், பெருங்குவிமாடத்தின் வேலை 1997இல்தான் நிறைவெய்தியது. சிற்றாலயத்தில் அப்போதும் யாரும் கைவைக்கவில்லை.

இந்த முடிச்சு 2016இல் அவிழ்ந்த விதம்தான் இக்கட்டுரையின் பொருள். 2015 பிப்ரவரியில் இஸ்ரேலியக் காவல்துறை, கட்டடம் ஆபத்தான நிலையில் இருப்பதாகச் சொல்லிச் சிற்றாலயத்தைச் சில மணிநேரம் மூடியது. ஏதென்ஸ் தேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் அந்தோனியா மொரோபுலூ தலைமையிலான குழு, சுவரில் ஒரு கல்லையும் பெயர்க்காமல் தரை ஊடுருவு ரேடார், லேசர் வருடல், அகச்சிவப்பு வெப்பப் படம் ஆகியவற்றால் அதன் உட்புறத்தை ஆராய்ந்தது. ஈரத்தால் சாந்து நைந்து, பளிங்குப் பலகைகள் வெளிப்பக்கமாகப் புடைத்திருந்தன. கட்டுமானத்துக்குள்ளே மூலப்பாறையின் எச்சம் இன்னும் நிற்பதையும் ரேடார் காட்டியது. 2016 மார்ச் 22இல் மூன்று திருச்சபைகளும் சீரமைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. யாத்திரிகர் வருகை தடைபடாதபடி வேலையில் பெரும்பகுதி இரவில் நடந்தது. சரியாக ஓராண்டில், 2017 மார்ச் 22இல், இரும்புச் சட்டங்கள் நீங்கிய சிற்றாலயம் திறக்கப்பட்டது. முன்பு மூவரும் வாதிட்டது யார் பழுதுபார்ப்பது என்பதைப் பற்றி. ஆய்வு முடிந்தபின் அவர்கள் முன் இருந்த கேள்வி, எந்தச் சுவர் எவ்வளவு சுமை தாங்கும் என்பது. இந்த இரண்டாம் கேள்விக்குத் தரும் விடை எந்தத் திருச்சபைக்கும் உரிமைப் பத்திரம் ஆகாது. செப்பனிடுதலை உரிமையிலிருந்து பிரித்தெடுத்ததே கருவிகள் செய்த உண்மையான வேலை என்பது என் முடிவு.

காவல்துறையின் பூட்டுதான் அவர்களைப் பணியவைத்தது, ரேடார் அல்ல என்று ஒருவர் மறுக்கலாம். அந்த நெருக்கடி இல்லாமல் பேச்சு விரைந்திருக்காது என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் அதிகாரம் மட்டுமே போதுமென்றால், அதே ஆலயத்தின் கூரைமேல் உள்ள தெய்ர் அல்-சுல்தானிலும் அமைதி வந்திருக்க வேண்டும். காப்டிக் சபையும் எத்தியோப்பிய சபையும் உரிமை கோரும் அந்த மடத்தில் ஒரு நாற்காலியை நகர்த்தியதால் 2002இல் கைகலப்பு நேர்ந்து, பதினொருவர் மருத்துவமனைக்குப் போனார்கள். அங்குள்ள சிற்றாலயம் ஒன்றை இஸ்ரேலிய அரசு 2018இல் செப்பனிட முற்பட்டபோது, எதிர்த்து நின்ற காப்டிக் துறவியரைக் காவலர்கள் இழுத்து அப்புறப்படுத்தினர். பழைய விதியின்படி அந்த வேலையும் ஓர் உரிமைக் கோரலாகவே கண்ணில் பட்டது.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு: கருவி எப்போதும் யாரோ ஒருவர் கையில்தான் இருக்கிறது. எருசலேமிலேயே அதற்குச் சான்றுகள் கிடைக்கின்றன. அல்-அக்ஸா வளாகத்தில் காமிராக்கள் பொருத்தும் திட்டத்தை 2015 அக்டோபரில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜான் கெர்ரி அறிவித்தார். பாலஸ்தீனர் எதிர்ப்பால், காமிராக்களைப் பொருத்தவிருந்த ஜோர்டான் அதை 2016 ஏப்ரலில் கைவிட்டது. கல்லறைக்கான ஒப்பந்தம் கையெழுத்தாகி அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை. 2017 ஜூலையில் இரு காவலர்கள் கொல்லப்பட்டபின் அதே வளாகத்தின் வாயில்களில் இஸ்ரேல் நிறுவிய உலோகம் கண்டறியும் கருவிகளை முஸ்லிம்கள் கடக்க மறுத்து, தெருவிலேயே தொழுதார்கள். பத்து நாளுக்குள் கருவிகள் அகற்றப்பட்டன. நமக்கு நெருக்கமான சான்று, இந்துக்களும் முஸ்லிம்களும் உரிமை கோரிய அயோத்தி நிலம். அலகாபாத் உயர் நீதிமன்ற ஆணைப்படி 2003 தொடக்கத்தில் அங்கே நடந்த ஆய்விலும் தரை ஊடுருவு ரேடார்தான் பயன்பட்டது. அதன் அறிக்கை அகழாய்வுக்கு வழிவிட்டது. அகழாய்வு அறிக்கை பூசலை ஆற்றவில்லை, இரு தரப்புக்கும் புதிய வாதப்பொருளானது. தொல்லியல் முடிவுகளை மட்டும் வைத்து நிலவுரிமையைத் தீர்மானிக்க இயலாது என்று உச்ச நீதிமன்றமே 2019இல் சொல்ல வேண்டியிருந்தது. ஏறத்தாழ அதே கருவிதான் இரண்டு ஊர்களிலும் மண்ணையும் கல்லையும் ஊடுருவிப் பார்த்தது. அயோத்தியில் அதனிடம் கேட்டது, இது முன்பு யாருடையது என்று. எருசலேமில் கேட்டது, இது விழாமல் நிற்க என்ன செய்ய வேண்டும் என்று.

எருசலேமுக்கு ஒரு நற்பேறும் வாய்த்தது என்பதை மறைக்கக் கூடாது. 2016 அக்டோபரில், குறைந்தது 1555 முதல் மூடியிருந்த பளிங்குப் பலகையை நகர்த்திக் கல்லறையைத் திறந்தார்கள். அடியில் எடுத்த சாந்தின் காலம் ஏறத்தாழ கி.பி. 345 என்று ஆய்வு காட்டியது. அது இத்திருச்சபைகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிவதற்கு முந்தைய காலம். ஆகவே அந்தக் கண்டுபிடிப்பால் எவரும் தோற்கவில்லை. காலம் ஒரு தரப்புக்குச் சாதகமாக அமைந்திருந்தால் கூட்டுறவு தாங்கியிருக்குமா என்பது நியாயமான ஐயம். அதனால்தான் அளவீட்டின் எல்லையை ஆய்வு தொடங்கும் முன்பே வகுத்துக்கொள்வது முக்கியம் என்கிறேன். உரிமைக் கேள்வியை முன்கூட்டியே விலக்கிவைக்க முடியும் என்பதற்குச் சான்றும் உண்டு: பெத்லகேமின் பிறப்பிட ஆலயத்தில் கூரை வேலையைப் பாலஸ்தீன அரசே தன் பொறுப்பில் எடுத்து 2013இல் தொடங்கியதால், அது எந்தத் திருச்சபையின் உரிமைக் கணக்கிலும் ஏறவில்லை.

திருக்கல்லறை ஆலயத்தின் தரையைச் சீரமைக்கும் பணியை அதே மூன்று திருச்சபைகள் 2022இல் தொடங்கின. கஸ்ட் எழுதிய விதியில் கூரையோடு சேர்த்துச் சொன்னது தரையைத்தான். அங்கே மூவரும் சேர்ந்து கல்லைப் பெயர்த்தார்கள் என்றால் 2016 தற்செயல் அல்ல. ஆனால் சிற்றாலயத்தின் பின்சுவரை ஒட்டியே வழிபடும் காப்டிக் சபை 2016இல் கையெழுத்திட்டவர்களில் இல்லை, எத்தியோப்பியரும் இல்லை. தெய்ர் அல்-சுல்தானின் கூரையை இவ்விருவரும் ஏற்கும் ஒரு குழு அளக்கட்டும். செலவை எவர் பெயரிலும் எழுத வேண்டாம். இந்த வேலை எந்த உரிமை வழக்கிலும் சான்றாகாது என்று முதல் பக்கத்திலேயே எழுதிக் கையெழுத்திடட்டும். மடம் யாருடையது என்ற வழக்கு அதன்பிறகும் நடக்கும். அதுவரை கூரை எவர் தலையிலும் விழாமல் நிற்கும்.