அறிவிக்காத போரும் அரசமைப்பின் மௌனமும்: மல்லேஸ்வரம் முதல் யாழ்ப்பாணம் வரை

பெங்களூரு மல்லேஸ்வரத்தில் உள்ள காடு மல்லேஸ்வரர் கோயிலுக்கு மேதரநிங்கனஹள்ளி என்ற ஊர் மானியமாக விடப்பட்டதை 1669ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று சொல்கிறது. விட்டவர் ஏகோஜி. சிவாஜியின் தந்தைக்கு இன்னொரு மனைவி வழிப் பிறந்தவர். பீஜப்பூர் சுல்தானின் கீழ் பெங்களூர் ஜாகீரை ஆண்டவர். சில ஆண்டுகள் கழித்து, நாயக்கர் வம்சத்து வாரிசுக்குத் தஞ்சை அரியணையை மீட்டுத் தரும்படி பீஜப்பூர் அவரைப் படையோடு அனுப்பியது. மீட்டவர் திரும்பவில்லை. 1676 வாக்கில் தஞ்சையைத் தாமே எடுத்துக்கொண்டார். ஒரு வேலைக்கென்று அனுப்பிய படை வேறொரு வேலையில் இறங்கினால் அதைத் தடுக்கும் சட்டம் எது, தடுக்கும் மன்றம் எது? தென்னிந்தியாவைப் பொறுத்தவரை இக்கேள்விக்கு எழுத்தில் விடை தேடும் முயற்சி அதற்கு ஏறத்தாழ நூறாண்டுக்குப் பிறகே தொடங்கியது.

தெளிவான விடை ஒன்று லண்டனில் எழுதப்பட்டது. 1784ஆம் ஆண்டு பிட் இந்தியச் சட்டம், இந்தியாவில் நாடு பிடிக்கும் திட்டங்கள் பிரிட்டனின் விருப்பத்துக்கும் மானத்துக்கும் ஒவ்வாதவை என்று வெளிப்படையாகவே கூறியது. லண்டனிலிருந்து ஆணை வராமல் கவர்னர் ஜெனரல் போர் தொடுக்கக் கூடாது. கிழக்கிந்தியக் கம்பெனியின் பகுதிகளையோ அதன் பாதுகாப்பில் உள்ள நட்பு அரசுகளையோ எதிரி தாக்கினாலோ தாக்க ஆயத்தமானாலோ மட்டும் விலக்கு உண்டு. இந்த விலக்கு வழியாகத்தான் பெங்களூருக்குப் போர் வந்தது. 1789 டிசம்பரில் மைசூரின் திப்பு சுல்தான் திருவிதாங்கூர் எல்லைக் காவலைத் தாக்கினார். திருவிதாங்கூர் கம்பெனியின் நட்பு அரசு. கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸுக்கு அது போதுமானதாக இருந்தது. 1791 மார்ச் 21 அன்று பெங்களூர் கோட்டை வீழ்ந்தது. விதியை மீறாமல், விலக்கின் நிழலில் நின்றே ஒரு பெரும்போரை நடத்த முடியும் என்பதற்கு இது முற்பட்ட சான்று.

1858ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் வேறு வழியில் போனது. படையெடுப்பைத் தடுக்கவோ திடீர் அவசரத்துக்கோ அன்றி, இந்திய எல்லைக்கு வெளியே நடக்கும் போருக்கு இந்திய வருவாயைச் செலவிட வேண்டுமானால் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஒப்ப வேண்டும். இந்தியாவுக்குப் போர் ஆணை அனுப்பினால் மூன்று மாதத்துக்குள் அவைகளுக்குத் தெரிவிக்க வேண்டும். இந்தியக் குடிமக்களை எண்ணி எழுதிய விதி அல்ல இது; மந்திரிகள் இந்தியக் கருவூலத்தையும் படையையும் தம் போக்கில் பயன்படுத்திவிடக் கூடாதே என்ற அவைகளின் கவலையில் பிறந்தது. அதன் பலமும் குறைவுதான். 1878 நவம்பரில் ஆப்கானிஸ்தானுக்குள் படை நுழைந்தது. ஒப்புதல் தீர்மானம் டிசம்பரில் வந்தது, நிறைவேறியது. ஆயினும் எல்லை தாண்டிய போருக்கு மந்திரிகள் அவையில் எழுந்து நின்று காரணம் சொல்லியாக வேண்டியிருந்தது. அந்தக் கட்டாயத்தை நான் சிறிதாக மதிப்பிட மாட்டேன்.

இந்தியரிடம் கேளாமல் போரில் இறக்கியதன் கசப்பு 1939இல் உச்சத்தைத் தொட்டது. செப்டம்பர் 3 அன்று, மத்திய சட்டமன்றத்தையோ மாகாண அரசுகளையோ கலக்காமல் இந்தியா போரில் இருப்பதாக வைஸ்ராய் லின்லித்கோ அறிவித்தார். காங்கிரஸ் அமைச்சரவைகள் விலகின. சென்னையில் ராஜாஜியின் அரசும் அக்டோபர் இறுதியில் பதவி துறந்தது. கேளாமல் போர் அறிவித்ததற்காக ஆட்சியையே விட்டு இறங்கிய தலைமுறைதான் சுமார் பத்தாண்டில் அரசமைப்பை எழுதி முடித்தது. ஆனால் போருக்குமுன் நாடாளுமன்றத்தைக் கேட்க வேண்டும் என்ற ஒரு வரி அதில் இல்லை.

இருப்பவை இவை. ஏழாம் அட்டவணையின் மத்தியப் பட்டியலில் 15ஆம் இனம் போரும் சமாதானமும். 53(2) பிரிவின்படி முப்படைகளின் தலைமை குடியரசுத் தலைவரிடம் இருக்கிறது. அதைச் செலுத்தும் முறை சட்டத்தால் ஒழுங்குபடுத்தப்படும். நாடாளுமன்றம் எந்தெந்தப் பொருளில் சட்டம் இயற்றலாமோ, அவற்றிலெல்லாம் மத்திய அரசின் செயலதிகாரமும் செல்லும் என்கிறது 73ஆம் பிரிவு. சட்டம் இல்லாத இடத்திலும் அரசு செயல்படலாம் என்று 1955இல் ராம் ஜவாயா கபூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. பஞ்சாபில் பள்ளிப் பாடநூல்களை அரசே வெளியிடலாமா என்பதைப் பற்றிய வழக்கு அது. பாடநூலுக்குப் பொருந்திய அதே தர்க்கம் பீரங்கிக்கும் பொருந்திவிடுகிறது. பணத்தின் வழியே கடிவாளம் போடலாம் என்பார்கள். ஆனால் பாதுகாப்புச் செலவு மொத்த மானியக் கோரிக்கைகளாக வருகிறது. எந்தப் படை எந்த நாட்டுக்குப் போகிறது என்பது அங்கே வாக்கெடுப்புக்கு வருவதில்லை.

இந்த இடைவெளியின் முழு அகலமும் ஈழத்தில் தெரிந்தது. 1986 நவம்பரில் பெங்களூரில் சார்க் மாநாடு. பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கைக் குடியரசுத் தலைவர் ஜெயவர்த்தனாவும் வந்திருந்தார்கள், தமிழக முதல்வர் எம்.ஜி.ஆரும் வந்தார், விடுதலைப் புலிகளின் தலைவர் பிரபாகரன் சென்னையிலிருந்து பேச்சுவார்த்தைக்கு அழைத்துவரப்பட்டார். உடன்பாடு கைகூடவில்லை. 1987 ஜூலை 29 அன்று கொழும்பில் இரு அரசுகளும் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன் இணைப்பில், சண்டை நிறுத்தத்தை உறுதிசெய்ய இலங்கைக் குடியரசுத் தலைவர் இந்திய அமைதிப்படையை அழைக்கலாம் என்று ஒரு வாசகம் இருந்தது. மறுநாளே படை இறங்கியது. அதற்கு முன் நாடாளுமன்றத்தின் ஒப்புதல் பெறப்படவில்லை. சட்டப்படி பெறவும் தேவையில்லை.

அமைதி காக்கப் போன படை அக்டோபர் இரண்டாம் வாரத்தில் விடுதலைப் புலிகளிடமிருந்து யாழ்ப்பாணத்தைப் பிடிக்கப் போரிட்டது. பல்கலைக்கழக வளாகத்தில் இறக்கப்பட்ட சீக்கிய இலகு காலாட்படைப் பிரிவினர் 30 பேரில் 29 பேர் மாண்டார்கள். அக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குள் படை நுழைந்தபின் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியரும் கொல்லப்பட்டார்கள். 1990 மார்ச்சில் கடைசிப் பிரிவு கப்பலேறும்வரை ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் உயிரிழந்திருந்தார்கள். ஈழத்தமிழர் இழந்த உயிர்கள் அதைவிட மிகுதி. சென்னைத் துறைமுகத்தில் நடந்த வரவேற்புக்கு முதல்வர் கருணாநிதி போகவில்லை. இத்தனைக்கும் நடுவே போரை அடிப்படையாகக் கொண்ட நெருக்கடிநிலை எதுவும் நாட்டில் நடப்பில் இல்லை. 352ஆம் பிரிவின்படி போரைக் காட்டி நெருக்கடிநிலை அறிவித்தால் ஒரு மாதத்துக்குள் இரு அவைகளின் ஒப்புதல் வேண்டும். வெளிநாட்டு மண்ணில் போர் நடத்துவதற்கு அந்த ஒப்புதலும் வேண்டாம்.

அமைதிப்படை சண்டையில் இறங்கிய அந்த அக்டோபர் நாட்களைத்தான் ஆய்வாளர்கள் கூர்ந்து பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. ஜூலையில் அனுப்பிய முடிவை ஒப்பந்தத்தைக் காட்டி நியாயப்படுத்தலாம். பணி மாறியபோது, புதிய பணிக்கு யாரிடமும் புதிதாக ஒப்புதல் கேட்க வேண்டிய கட்டாயம் எழவில்லை. குறை அங்கேதான் இருக்கிறது.

கார்கில் போர் 1999இல் நடந்தபோது மக்களவை கலைக்கப்பட்டிருந்தது. மாநிலங்களவையையாவது கூட்டுங்கள் என்று எதிர்க்கட்சிகள் கேட்டன, கூட்டப்படவில்லை. தற்காப்புப் போர் என்பதால் நாடு அதைப் பெரிதுபடுத்தவில்லை. 2003இல் ஈராக்குக்குப் படை அனுப்பும்படி அமெரிக்கா கேட்டது. ஏப்ரலில் மக்களவை அந்தப் போருக்கு எதிராக ஒருமனதாகத் தீர்மானம் போட்டிருந்தது. ஜூலையில் வாஜ்பாய் அரசு மறுத்துவிட்டது. அவை வாய் திறந்தால் அரசு கேட்கும் என்பதற்கு இது நல்ல சான்று. ஆனால் திறக்க வேண்டிய கட்டாயம் எந்தச் சட்டத்திலும் இல்லை.

ஜெர்மனியின் அடிப்படைச் சட்டத்திலும் இப்படி வெளிப்படையான விதி இருக்கவில்லை. 1994 ஜூலை 12 அன்று அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம், ஆயுதப்படையை வெளிநாட்டு நடவடிக்கைக்கு அனுப்புமுன் நாடாளுமன்றம் ஒப்ப வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2005இல் அதற்குத் தனிச்சட்டம் வந்தது. அமெரிக்கா 1973இல் இயற்றிய போர் அதிகாரத் தீர்மானம் 48 மணி நேரத்தில் அறிக்கை, ஒப்புதல் இல்லையேல் 60 நாள் கெடு என்று வகுத்தது. அதிபர்கள் அதைப் பலமுறை வளைத்திருக்கிறார்கள். எனவே நாள்கணக்கு மட்டும் போதாது. பணி மாறும்போது மீண்டும் ஒப்புதல் என்பதுதான் நமக்கு முதன்மையான தேவை.

அதற்கு அரசமைப்பைத் திருத்தவும் வேண்டாம். 53(2) பிரிவும் 15ஆம் இனமும் சட்டம் இயற்றும் அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்கு ஏற்கெனவே தந்திருக்கின்றன. ராணுவச் சட்டம் 1950 படையின் ஒழுக்கத்தையும் தண்டனையையும் வகுக்கிறது. படையை எல்லைக்கு அப்பால் அனுப்பும் முடிவைப் பற்றி அதில் எதுவும் இல்லை. தாக்குதலைத் தடுப்பதற்கு விலக்கு அளித்து, மற்றெல்லா வெளிநாட்டு நடவடிக்கைக்கும் இரு அவைகளின் முன்ஒப்புதலைக் கேட்டு, ஒப்புதலில் பணியின் எல்லையையும் காலத்தையும் எழுதி வைக்கும் சட்டத்தைச் சாதாரணப் பெரும்பான்மையிலேயே நிறைவேற்றலாம்.