களத்தில் பிறந்த எண்ணெய்

காதர்பேட்டையில் எண்ணெய் என்றால் கறை. பின்னல் மிஷினின் ஊசிக்கு விடும் எண்ணெய் ஒரு சொட்டு துணியில் இறங்கிவிட்டால் போதும், அந்தப் பனியன் ஏற்றுமதிப் பெட்டிக்குள் போகாது. செகண்ட்ஸ் ஆகி, திருப்பூர் ரயில் நிலையத்தை ஒட்டிய இந்தச் சந்துகளில் வந்து குவியும். விற்பவரும் வாங்குபவரும் துணியை வெளிச்சத்தில் விரித்துப் பிடித்துத் தேடுவது அந்தச் சொட்டைத்தான்.

இங்கிருந்து கிழக்கே காங்கேயம் பஸ்ஸில் ஏறினால், ஒரு மணி நேரத்தில், எண்ணெயே பிழைப்பாக இருக்கும் ஊருக்குப் போய்விடலாம். நல்லூர், படியூர் தாண்டி சிவன்மலை கண்ணுக்குத் தெரியும்போதே காய்ந்த தேங்காயின் வாசம் ஜன்னல் வழியே வரும். சாலையின் இருபுறமும் அகன்ற சிமெண்டுக் களங்கள். அவற்றில் வெள்ளை வெள்ளையாகத் தேங்காய் மூடிகள் வானத்தைப் பார்த்துக் கிடக்கும். தென்னை வளர்ச்சி வாரியம் தேங்காய் எண்ணெய் விலையை வெளியிடும்போது கொச்சி, ஆலப்புழை, கோழிக்கோடு ஆகிய கேரளச் சந்தைகளோடு காங்கேயத்தையும் சேர்த்தே போடுகிறது. கடலும் காயலும் தென்னந்தோப்புமாக இருக்கும் ஊர்களின் வரிசையில், முள்மரமும் சரளை மண்ணுமான ஓர் ஊர் எப்படி வந்து நின்றது? அதுதான் இந்தக் கதை.

தேங்காய் அதிகம் விளைவது பொள்ளாச்சியிலும் கேரளத்திலும். ஆனால் தேங்காய் வேறு, எண்ணெய் வேறு. புதுத் தேங்காய்ப் பருப்பில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். அந்தத் தண்ணீரை ஆறேழு சதவீதத்துக்கு இறக்கினால்தான் அது கொப்பரை. அப்போது அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு எண்ணெய். ஈரம் மிச்சமிருந்தால் பூஞ்சை பிடிக்கும், எண்ணெய் சிக்கடிக்கும். ஆக, எண்ணெய்க்கு மரம் மட்டும் போதாது. வெயிலும் வறண்ட காற்றும் வேண்டும். அவை இரண்டும் எங்கள் மண்ணில் வேண்டிய மட்டும் இருக்கின்றன.

ஆனி, ஆடி மாதங்களில் அரபிக்கடலிலிருந்து வரும் காற்று தன் ஈரத்தையெல்லாம் மேற்குத் தொடர்ச்சி மலையின் அந்தப் பக்கமே கொட்டிவிடுகிறது. கேரளத்துக்கு ஆண்டு மழை 3000 மில்லிமீட்டரை ஒட்டி வரும். அதில் பெரும்பகுதி இந்தப் பருவத்தில்தான். பாலக்காட்டுக் கணவாய் வழியாக இந்தப் பக்கம் வந்து சேர்வது வெறும் காற்று. பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் காற்றாலைகளைச் சுற்றவைப்பதும் அதே காற்றுதான். காங்கேயத்துக்கு ஆண்டு முழுவதும் கிடைப்பது 600, 700 மில்லிமீட்டர் மழை. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில். அங்கே அடைமழையில் தேங்காய் காயாமல் தவிக்கும் அதே நாட்களில், இங்கே களத்தில் காற்று மூடிகளுக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும். ஒரே காற்றுதான், மலைக்கு அந்தப் புறம் மழை, இந்தப் புறம் கொப்பரை.

இந்த வறட்சியை வெறும் குறையாகப் பார்ப்பவர்கள் கொறங்காட்டைப் பார்த்ததில்லை என்றுதான் சொல்வேன். கிளுவை வேலி அடைத்த மேய்ச்சல் நிலம் அது. உள்ளே கொழுக்கட்டைப்புல், நடுநடுவே வெள்வேல மரங்கள். ஏர் ஓட்டிப் பயிர் வைத்தால் பொய்த்துப்போகும் பூமியைப் புல்லுக்கு விட்டு, அந்தப் புல்லை மாட்டுக்கு விட்டு, மாட்டைச் சொத்தாக வைத்துக்கொண்ட அறிவு அதில் இருக்கிறது. காங்கேயம் காளை அப்படி வந்ததுதான். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் அந்த இனத்தைத் தலைமுறைகளாகப் பேணியது. வெள்ளகோவில் பக்கத்துக் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு இன்றும் காளை பார்க்க வருகிறார்கள். மண்ணுக்கு அடியில் கடும்பாறை. அந்தப் பாறையும் சும்மா கிடக்கவில்லை: படியூரில் எடுத்த பெரில் கற்களும், நொய்யல் கரைக் கொடுமணலில் பட்டை தீட்டிய மணிகளும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்தப் பகுதியை வெளியுலகத்தோடு இணைத்தன.

எண்ணெயும் இங்கே தென்னையோடு வந்ததல்ல. எள்ளும் ஆமணக்கும் நிலக்கடலையும் வானம் பார்த்த பூமியின் வித்துகள். மழை ஏமாற்றினாலும் ஓரளவு தாக்குப்பிடிப்பவை. மாடு இருந்தது, ஆகவே செக்கு ஓடியது. செக்கில் மிஞ்சிய புண்ணாக்கு மாட்டுத் தொட்டிக்கே திரும்பிப் போனது. எண்ணெயும் மாடும் ஒன்றையொன்று பிழைக்க வைத்த அந்த உறவு இன்னும் அறுந்துவிடவில்லை. இன்று கொப்பரையைப் பிழியும் எக்ஸ்பெல்லர் இயந்திரம் கழிக்கும் தேங்காய்ப் புண்ணாக்கும் மாட்டுக்குத்தான் போகிறது.

பிறகு தண்ணீர் வந்தது. 1950களில் கீழ்பவானி வாய்க்கால், 200 கிலோமீட்டர் நடந்து இந்தப் பகுதியின் வடகிழக்கு ஓரத்தைத் தொட்டது. 1960களிலிருந்து பரம்பிக்குளம் ஆழியாறுத் தண்ணீர், திருமூர்த்தி அணை வழியாக, முறைவைத்து வந்தது. வாய்க்கால் பாய்ந்த இடங்களில் தென்னை ஏறியது. ஆனால் வாய்க்கால் வந்த பிறகும் வானம் மாறவில்லை. இந்தச் சேர்க்கைதான் காங்கேயத்தின் அதிர்ஷ்டம்: வேருக்கு வெளியூர்த் தண்ணீர், களத்துக்கு உள்ளூர் வெயில்.

களத்து வேலையை ஒருமுறை நின்று பாருங்கள். உரித்த தேங்காய் லாரியிலிருந்து இறங்கும். அரிவாளால் ஒரே போடாகப் போட்டு இரண்டாக்குவார்கள். மூடிகளை வாய் மேலே பார்க்கப் பரப்புவார்கள். இரண்டு மூன்று நாளில் பருப்பு சுருங்கித் தொட்டியை விட்டு விலகும் (சிரட்டைக்கு எங்கள் பக்கம் தொட்டி என்றுதான் பெயர்). பெரும்பாலும் பெண்கள், வரிசையாக உட்கார்ந்து, பருப்பைத் தோண்டி எடுப்பார்கள். அதை மறுபடியும் சில நாட்கள் காயப் போட வேண்டும். காய்ந்ததா என்று அறிய அனுபவக்காரருக்குக் கருவி தேவையில்லை. ஒரு துண்டை விரலில் வைத்து ஒடிப்பார். பட்டென்று ஒடிந்தால் கொப்பரை, வளைந்தால் இன்னும் தேங்காய். மேகம் திரண்டால் களமே ஓடும். தார்ப்பாய் இழுத்து மூடும் அந்தச் சில நிமிடங்களில் முதலாளி, கூலியாள் என்ற வித்தியாசம் இருக்காது. மழைக்கு ஏங்கும் பூமியில் மழையைக் கண்டு பதறும் ஒரே இடம் அதுதான்.

இந்தத் தொழிலின் காயங்களையும் சொல்லாமல் போவது நேர்மையல்ல. சீக்கிரம் வெளுக்கவும் பூஞ்சை பிடிக்காமல் இருக்கவும் கந்தகப் புகை போடும் வழக்கம் சில இடங்களில் நுழைந்துவிட்டது. வெயில் இலவசமாகச் செய்யும் வேலைக்குக் கந்தகம் எதற்கு? அது தவறு, நிறுத்த வேண்டும். தொட்டியைச் சுட்டுக் கரியாக்கும் ஆலைகளால் கிணற்று நீர் கெடுகிறது என்று உழவர்கள் பல ஆண்டுகளாகப் போராடுகிறார்கள். சாயக்கழிவால் நொய்யல் செத்ததையும், 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதையும் திருப்பூர் பார்த்துவிட்டது. அதே பாடத்தைக் காங்கேயமும் கிணற்றை இழந்து படிக்க வேண்டியதில்லை.

விலையும் ஒரு நிலையில் நிற்பதில்லை. 2025 பருவத்துக்கு அரவைக் கொப்பரைக்கு மத்திய அரசு குவிண்டாலுக்கு 11,582 ரூபாய் ஆதார விலை அறிவித்தது. அந்த ஆண்டு சந்தை விலை கிலோ 200 ரூபாயைத் தாண்டி ஏறியது. ஆனால் அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் ஆதார விலைக்கும் கீழே விற்று, முத்தூர், வெள்ளகோவில் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் மூட்டைகளோடு கையைப் பிசைந்து நின்ற உழவர்களை நாங்கள் மறக்கவில்லை. அப்படி நின்ற காலத்திலும் எங்கள் ஊர் ரேஷன் கடையில் விற்றது கடல் தாண்டி வந்த பாமாயில்தான், லிட்டர் 25 ரூபாய்க்கு.

பாமாயிலுக்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெயும் கடலை எண்ணெயும் கொடுங்கள் என்று இந்த வட்டாரத்து உழவர்கள் மறியல் செய்திருக்கிறார்கள், மனு கொடுத்திருக்கிறார்கள், தேங்காய் உடைத்தும் போராடியிருக்கிறார்கள். அவர்கள் கேட்பது நியாயம். விலை வீழும் மாதங்களிலாவது அரசு இந்தக் களங்களிலிருந்து எண்ணெயை வாங்கி, பாமாயில் விற்கும் அதே ரேஷன் கடையில், அதே மானியத்தோடு விற்க வேண்டும்.