மசிக்குள் ஒளிந்திருந்த சங்கிலி

அறிவியலுக்கும் எனக்கும் உள்ள உறவு பத்தாம் வகுப்போடு சரி. பேரேடும் ஐந்தொகையும் போடுகிற வணிகவியல் மாணவன் நான். ஆனால் அந்தக் காலத்துப் பேரேடுகளை எழுத உதவிய மசியின் கதையைப் படித்ததும் உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

4000 ஆண்டுகளுக்கு முன்பே எகிப்தியர்கள் புகைக்கரியைத் தண்ணீரில் கலந்து மசி செய்தார்கள். வெறும் கரியென்றால் துகள்கள் ஒன்றையொன்று இழுத்துக் கட்டிதட்டி அடியில் படிந்துவிடும். வேல மர வகைப் பிசினைக் கொஞ்சம் சேர்த்தால் படியாது. ஏன்? காரணம் தெரியாமலேயே தலைமுறை தலைமுறையாக எழுதினார்கள்!

விடை கிடைக்க, நீளமான மூலக்கூறுகள் உண்டு என்பதை உலகம் முதலில் நம்ப வேண்டியிருந்தது. ரப்பர் போன்ற பொருட்கள் எல்லாம் அணுக்கள் வரிசையாகக் கோத்த நீண்ட சங்கிலிகளே என்று 1920-ல் சொன்னார் ஜெர்மானிய வேதியியலாளர் ஹெர்மன் ஸ்டாடிங்கர். சிறு மூலக்கூறுகளின் குவியல்தான் அவை என்று நம்பிய பெரிய தலைகள் எதிர்த்தன. நோபல் பரிசு பெற்ற வீலாண்டே அந்த எண்ணத்தைக் கைவிடச் சொன்னார். ஸ்டாடிங்கர் விடவில்லை. 1953-ல் அவருக்கு நோபல் கிடைத்தபோது வயது 72!

சரி, இந்தச் சங்கிலியின் ஒரு முனை ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும்? 1977-ல் ஷ்லோமோ அலெக்சாண்டரும், 1980-ல் பிரான்சின் டி ஜென்னும் இதைக் கணக்கிட்டார்கள். சங்கிலிகள் தள்ளித் தள்ளி இருந்தால், ஒவ்வொன்றும் சுருண்டு காளான் போல உட்காரும். நெருக்கினால் பக்கவாட்டில் இடமில்லை. கூட்டமான பேருந்தில் நிற்பவர்கள் மாதிரி எல்லாம் நிமிர்ந்து, தூரிகை போல ஆகிவிடும்.

மசியிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். பிசினின் ஒரு பகுதி கரித்துகளைப் பிடித்துக்கொள்ள, மீதி தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டு துகள்கள் நெருங்கினால் சங்கிலிகள் நசுங்கும். உடனே ஒன்றையொன்று தள்ளிவிடும்.

காரணம் தெரிந்ததால் என்ன லாபம் என்று கேட்கலாம் (வணிகவியல் புத்தி!). 1995-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டாக்சில் என்ற புற்றுநோய் மருந்தைப் பாருங்கள். மருந்தைச் சுமக்கும் நுண்ணிய கொழுப்புக் குமிழிகளின் மேல் இப்படிச் சங்கிலிகளை நட்டிருக்கிறார்கள். உடலின் காவல் செல்கள் அவற்றைச் சீக்கிரம் பிடிக்க முடியாததால், மருந்து இரத்தத்தில் நெடுநேரம் சுற்றுகிறது.

எகிப்தியர் தெரியாமல் செய்ததை நாம் தெரிந்தே செய்கிறோம். இடையில் ஒரு மனிதர் கேலிக்குப் பயந்து வாயை மூடியிருந்தால்?