மழைநீர் வடிகால் கட்டணம்

கூரை, தார்த்தளம், கான்கிரீட் என மழைநீரை மண்ணுக்குள் இறங்கவிடாத பரப்பை அளந்து, அதற்கேற்பச் சொத்து உரிமையாளரிடம் நகரங்கள் வசூலிக்கும் தொகை. அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் பரவலாக நடைமுறையில் உள்ளது.

அமெரிக்க நகரங்களில் வடிகால் செலவு நெடுங்காலம் பொது நிதியிலிருந்தே போய்க்கொண்டிருந்தது. போலீஸும் பள்ளிக்கூடமும் சாலையும் பங்கு கேட்கும் அந்த நிதியில் வடிகாலுக்கு மிஞ்சியது கொஞ்சம்தான்; வெள்ளம் வந்த ஆண்டில் மட்டும் அதற்கு மவுசு. கொலராடோவின் போல்டர் 1973இலும், வாஷிங்டன் மாநிலத்தின் பெல்வியூ 1974இலும் குடிநீருக்கு இருப்பதுபோல் வடிகாலுக்கும் தனிக் கணக்கு, தனிக் கட்டணம் என்று தொடங்கின. மழைநீரோடு ஆற்றில் சேரும் எண்ணெயும் குப்பையும் மாசுதான் என்று 1987இல் தூய நீர்ச் சட்டம் திருத்தப்பட்டது. ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்கள் வடிகாலுக்கு உரிமம் பெற வேண்டும் என்று 1990இல் விதி வந்தது. 1999இல் சிறு நகரங்களுக்கும் அது நீண்டது. பணத்துக்கு வழி தேடுவது நகரங்களின் தலையில் விழுந்தது.

இதில் பிலடெல்பியாவின் கதை தனி. அங்கே வடிகால் கட்டணம் தண்ணீர் மீட்டரின் அளவைப் பொறுத்திருந்தது. சிறிய கூரையும் பெரிய குழாயும் கொண்ட அடுக்குமாடிக் கட்டடம் நிறையக் கட்டியது. ஏக்கர் கணக்கில் தார் போட்ட கார் நிறுத்துமிடத்தில் குழாயே இல்லை. ஆகவே பில்லும் இல்லை. மழை பெய்தால் சாக்கடையை நிரப்புவதோ அந்த இடம்! 2010 ஜூலை முதல் வணிகச் சொத்துகளுக்கு, வான்வழிப் படங்களின் துணையோடு கணக்கிட்ட பரப்பின்படி கட்டணம் படிப்படியாக மாற்றப்பட்டது. கிடங்குக்காரர்கள் கூச்சலிட்டதில் வியப்பில்லை. தளத்தைப் பெயர்த்து மழைநீரை மண்ணில் இறக்குவோருக்குச் சலுகை உண்டு. கட்டணத்தின் உண்மையான பலம் அதில்தான் இருக்கிறது.

ஜெர்மனியில் இந்த மாற்றத்தை நீதிமன்றங்கள் முடுக்கின. கழிவுநீருக்கும் மழைநீருக்கும் தனித்தனிக் கட்டணம் வேண்டும் என்று பாடன்-வூர்ட்டம்பர்க் உயர் நிர்வாக நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது. பெர்லின் 2000இலேயே அப்படிப் பிரித்துவிட்டது.

அமெரிக்காவில் வழக்கு எதிர்த்திசையில் போனது. மிச்சிகனின் லான்சிங் நகரம் வசூலித்தது கட்டணமல்ல, வாக்காளர் ஒப்புதல் பெறாத வரி என்று 1998இல் மாநில உச்ச நீதிமன்றம் அடித்துவிட்டது. மேரிலாந்தில் 2012இல் பத்து வட்டாரங்களுக்கு இக்கட்டணம் கட்டாயமானது. எதிர்ப்பாளர்கள் அதை 'மழை வரி' என்று கேலி செய்தார்கள். ஃபிரெடரிக் கவுண்டி ஒரு சொத்துக்கு ஒரே ஒரு சென்ட் விதித்துச் சட்டத்தை ஒப்பேற்றியது. 2015இல் கட்டாயம் நீங்கியது. மத்திய அரசு அலுவலகங்களே கட்டணம் கட்ட மறுத்ததால், அவையும் கட்ட வேண்டும் என்று 2011இல் தனிச் சட்டம் தேவைப்பட்டது.

லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி வரி என்றே பெயரிட்டு 2018 நவம்பரில் மக்களிடம் வாக்குக் கேட்டது. நீர் இறங்காத பரப்பில் சதுர அடிக்கு ஆண்டுக்கு 2.5 சென்ட் என்ற அந்த வரிக்கு மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலானோர் சம்மதித்தனர்.