ஆறுதல் நூல் (எரேமியா 30–33)

எபிரேய விவிலியத்திலுள்ள எரேமியா நூலின் 30 முதல் 33 வரையான நான்கு அதிகாரங்கள் ‘ஆறுதல் நூல்’ என்று அழைக்கப்படுகின்றன. சிதறிப்போன இஸ்ரவேல் மக்கள் சொந்த நிலத்துக்குத் திரும்புவார்கள், எருசலேம் மறுபடியும் கட்டப்படும், கடவுள் அவர்களோடு புதிய உடன்படிக்கை செய்துகொள்வார் என்பவை இதன் மைய வாக்குறுதிகள். முதல் இரண்டு அதிகாரங்கள் பெரும்பாலும் கவிதை, பின்னிரண்டு உரைநடை. ‘புதிய உடன்படிக்கை’ என்ற தொடர் எபிரேய விவிலியம் முழுவதிலும் இங்கே, 31ஆம் அதிகாரத்தில் மட்டுமே வருகிறது. யூத வழிபாடு, கிறிஸ்தவ இறையியல், அண்மை நூற்றாண்டுகளின் அரசியல் ஆகிய மூன்றிலும் இந்த அதிகாரங்களின் தடம் ஆழமானது.

எரேமியா ஆனதோத் ஊரின் குருக்கள் குடும்பத்தில் பிறந்தவர். யோசியா அரசனின் 13ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.மு. 627 அளவில், இறைவாக்குரைக்கத் தொடங்கினார். அவருடைய நூலின் பெரும்பகுதி கண்டனமும் எச்சரிக்கையுமே. அழிவு வரும் என்று நாற்பது ஆண்டுகள் சொல்லிவந்தவர், அது கண்முன்னே வந்து நிற்கும்போது மீட்சியைப் பற்றிப் பேசுகிறார். ஆறுதல் நூலின் கனம் அங்கிருந்தே வருகிறது. எல்லாம் நலமாகும் என்று முன்பே சொல்லிக்கொண்டிருந்த பிற இறைவாக்கினரைப் பொய்யர் என்று கடிந்தவரும் இவர்தான்.

முற்றுகையில் ஒரு கிரயம்

32ஆம் அதிகாரம் யூதாவின் அரசன் சிதேக்கியாவின் 10ஆம் ஆட்சியாண்டில் நடக்கிறது. பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சாரின் படை எருசலேமை வளைத்திருக்கிறது, மதிலுக்கு எதிரே மண்மேடுகள் எழும்பிவிட்டன, உள்ளே பஞ்சம். நகரம் விழும் என்று சொன்னதற்காக எரேமியா காவற்சாலையின் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அங்கே அவருடைய தந்தையின் உடன்பிறந்தார் மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்திலுள்ள தன் நிலத்தை வாங்கிக்கொள்ளும்படி கேட்கிறார். வறுமையால் ஒருவன் நிலத்தை விற்க நேர்ந்தால், அது குடும்பத்தை விட்டுப் போகாதபடி நெருங்கிய உறவினன் மீட்கலாம் என்பது லேவியராகமம் 25ஆம் அதிகாரச் சட்டம். அந்த மீட்பு உரிமை எரேமியாவுக்கு இருந்தது. ஆனால் நிலமோ முற்றுகை வளையத்துக்கு வெளியே, எதிரியின் கையில். அந்த ஊர்க்காரர்களே முன்பு எரேமியாவைக் கொல்லச் சதி செய்தவர்கள் (11ஆம் அதிகாரம்).

அவர் வாங்கினார். விலை 17 சேக்கல் வெள்ளி. யூதாவில் அன்று நாணயப் புழக்கம் இல்லாததால் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுத்தார். அகழாய்வுகளில் கிடைத்த எடைக்கற்களின்படி ஒரு சேக்கல் சுமார் 11.3 கிராம், ஆகவே மொத்தம் ஏறக்குறைய 190 கிராம். கிரயப் பத்திரம் எழுதி, சாட்சிகள் கையெழுத்திட, ஒரு படி முத்திரையிடப்பட்டது. இன்னொரு படி திறந்து வைக்கப்பட்டது. இரண்டையும் தம் எழுத்தர் பாருக்கிடம் ஒப்படைத்து, நெடுநாள் கெடாமல் இருக்கும்படி ஒரு மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார். இந்த நாட்டில் மறுபடியும் வீடும் வயலும் திராட்சைத் தோட்டமும் விலைக்கு வாங்கப்படும் என்பதே அச்செயலின் பொருள். விவிலியத்தில் நில விற்பனை நடைமுறை இவ்வளவு விரிவாக வேறெங்கும் சொல்லப்படவில்லை.

முத்திரையிட்ட படியும் திறந்த படியுமாகப் பத்திரம் எழுதும் வழக்கத்துக்குத் தொல்லியல் சான்று உண்டு. 1961இல் யூதேயப் பாலைவனக் குகையொன்றில் யிகாயேல் யாதின் கண்டெடுத்த, பாபத்தா என்ற யூதப் பெண்ணின் கி.பி. 2ஆம் நூற்றாண்டு ஆவணங்களில், ஒரே தாளின் மேற்பகுதியில் எழுதியதைச் சுருட்டிக் கட்டிவிட்டு, அதே வாசகத்தைக் கீழ்ப்பகுதியில் திறந்த நிலையில் விட்டிருக்கிறார்கள். தகராறு வந்தால் மேல்கட்டைப் பிரித்து ஒப்பிடலாம். எரேமியாவின் காலத்துக்கே உரிய சான்று எருசலேமின் தாவீது நகரில் கிடைத்தது. 1982இல் யிகால் ஷிலோவின் அகழாய்வு, பாபிலோனியர் எரித்த ஒரு கட்டடத்திலிருந்து 51 களிமண் முத்திரைகளை வெளிக்கொண்டுவந்தது. அவை கட்டியிருந்த பாப்பிரஸ் ஆவணங்கள் சாம்பலாயின. களிமண் மட்டும் அதே தீயில் சுட்டு இறுகி நிலைத்தது. அவற்றில் ஒன்றில் சாப்பானின் மகன் கெமரியா என்ற பெயர் இருக்கிறது. எரேமியா 36ஆம் அதிகாரத்தில் வரும் அரண்மனை அலுவலரின் பெயரும் அதுவே.

உடன்படிக்கையின் தன்மை

விவிலியத்தின் மீட்பு வாக்குறுதிகள் உடன்படிக்கை என்ற கட்டமைப்புக்குள்தான் பேசப்படுகின்றன. ஆபிரகாமுக்கு நிலமும் சந்ததியும், சீனாய் மலையில் சட்டம், தாவீதுக்கு நிலைத்த அரியணை என மூன்று உடன்படிக்கைகள் முன்னே இருக்கின்றன. ஆதியாகமம் 15இல் ஆபிரகாம் விலங்குகளைப் பிளந்து வைக்கிறார். புகையும் தீயுமாக அவற்றின் நடுவே கடந்துபோவது கடவுள் மட்டுமே. சொல் தவறினால் எனக்கும் இதே கதி என்று ஏற்கும் பண்டைய சடங்கு இது. எரேமியா 34இல் அதே சடங்கு மறுபடி வருகிறது, இம்முறை மனிதர்கள் நடக்கிறார்கள். முற்றுகையின்போது எருசலேமின் பெரியோர் கன்றுக்குட்டியைப் பிளந்து அதன் நடுவே கடந்து, தங்கள் எபிரேய அடிமைகளை விடுவிப்பதாக உடன்பட்டனர். எகிப்தியப் படை வருகிறதென்று பாபிலோனியர் சற்று விலகியதும், விடுவித்தவர்களைத் திரும்பப் பிடித்து அடிமையாக்கினர். ஆறுதல் நூலுக்கு அடுத்த பக்கத்திலேயே இந்தக் கதை வைக்கப்பட்டிருப்பது கவனிக்கத்தக்கது. நிலத்தைப் பற்றிய வாக்கை எடுத்துக்கொண்டு அடிமைகளைப் பற்றிய பக்கத்தைப் புரட்டிவிடும் வாசிப்பு எரேமியாவின் வாசிப்பு ஆகாது.

உடன்படிக்கை மீறப்பட்டது என்ற இந்த அனுபவத்திலிருந்துதான் 31:31–34 பிறக்கிறது. இஸ்ரவேல் குடும்பத்தோடும் யூதா குடும்பத்தோடும் கடவுள் செய்யப்போகும் புதிய உடன்படிக்கையில் சட்டம் கற்பலகையில் இல்லாமல் உள்ளத்தில் எழுதப்படும், சிறியவர் முதல் பெரியவர் வரை எல்லாரும் கடவுளை அறிவார்கள், பாவம் நினைக்கப்படாது. சட்டமே வேறு என்று எரேமியா சொல்லவில்லை; எழுதப்படும் இடமே மாறுகிறது. இதை அடுத்து, சூரியனும் சந்திரனும் ஒழுங்கு தவறாதவரை இஸ்ரவேலும் ஓர் இனமாக இல்லாமல் போகாது என்ற உறுதி. அதற்கும் அடுத்து, புதிய எருசலேமின் எல்லை: அனானெயேல் கோபுரம், மூலைவாசல், காரேப் மேடு, கீதரோன் ஓடை, குதிரைவாசல். மனத்தில் எழுதப்படும் சட்டமும் அளவுநூல் பிடித்துக் குறிக்கும் தெருக்களும் ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன. பின்வந்த மரபுகளில் பல இவ்விரண்டில் ஒன்றை எடுத்து மற்றதை விட்டன.

வாக்குறுதி தென்னாடான யூதாவோடு நிற்கவில்லை. கி.மு. 722 அளவில் அசீரியரிடம் வீழ்ந்த வடநாட்டைக் கடவுள் எப்பிராயீம் என்று, மறக்க முடியாத பிள்ளையாக அழைக்கிறார். ராமாவில் ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழும் பகுதி (31:15) மத்தேயு நற்செய்தியில் பெத்லகேம் குழந்தைகளின் கொலையோடு இணைக்கப்படுகிறது. எரேமியா நூலில் ராமா, நாடுகடத்தப்படுவோரைச் சங்கிலியிட்டு நிறுத்திய இடம் (40:1). 30, 31 அதிகாரங்களின் மூலக் கவிதைகள் யோசியா காலத்தில் வடநாட்டாரை நோக்கிச் சொல்லப்பட்டு, பின்னர் யூதாவுக்காக விரிவாக்கப்பட்டன என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

திரும்பியவர்கள்

கி.மு. 539இல் பாரசீக அரசர் கோரேசு பாபிலோனைக் கைப்பற்றினார். எருசலேம் விழுந்தபின் பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்டிருந்த யூதர்கள் திரும்பவும் ஆலயம் கட்டவும் அனுமதி கிடைத்தது. 1879இல் பாபிலோனில் கிடைத்த கோரேசு உருளை யூதர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. ஆனால் பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட மக்களையும் தெய்வ உருவங்களையும் அவரவர் இடத்துக்கு அனுப்பும் கொள்கையைக் காட்டுகிறது. இரண்டாம் ஆலயம் கி.மு. 515 அளவில் முடிந்தது. எஸ்றா 2ஆம் அதிகாரம் திரும்பியோரின் பட்டியலைத் தருகிறது. அதில் ஆனதோத்தார் 128 பேர்.

எனினும் வாக்குறுதி முழுவதும் நிறைவேறியதாகத் திரும்பியவர்களே நினைக்கவில்லை. தாவீதின் மரபில் அரசன் எழவில்லை. நெகேமியா 5இல் மக்கள் தானியத்துக்காக வயலையும் திராட்சைத் தோட்டத்தையும் அடகு வைக்கிறார்கள், பிள்ளைகளை அடிமைகளாக்குகிறார்கள். தானியேல் 9, பாபிலோனின் ஆதிக்கத்துக்கு எரேமியா குறித்திருந்த 70 ஆண்டுகளை எழுபது ‘வாரங்கள்’, அதாவது 490 ஆண்டுகள் என்று விரித்துக் கணக்கிடுகிறது. எல்லாரும் திரும்பவும் இல்லை. பாபிலோனில் தங்கிவிட்ட யூதச் சமூகமே பிற்காலத்தில் பாபிலோனியத் தல்மூதைத் தந்தது.

பின்வந்த வாசிப்புகள்

யூத மரபில் இந்த அதிகாரங்கள் வாழ்வோடு கலந்தவை. ராகேலின் அழுகை புத்தாண்டின் இரண்டாம் நாளில் தொழுகைக்கூடத்தில் வாசிக்கப்படுகிறது. திருமணத்தின் ஏழு ஆசிகளில் கடைசி ஆசி, பாழான எருசலேமின் தெருக்களில் மணமகன், மணமகளின் குரல் மறுபடியும் கேட்கும் என்ற 33:10–11இன் வாக்கிலிருந்து எடுத்தது. புதிய உடன்படிக்கை என்பது புதிய சட்டம் ஆகாது. அதே தோராவைத் தடையின்றி விரும்பும் இதயம் என்றே யூத உரையாசிரியர்கள் கொண்டனர். 13ஆம் நூற்றாண்டின் நக்மானிடிஸ் உபாகமம் 30:6க்கு எழுதிய உரையில் இதை எரேமியாவோடு இணைத்து விளக்குகிறார்.

கிறிஸ்தவத்தில் இயேசுவின் கடைசி விருந்துச் சொற்களிலேயே புதிய உடன்படிக்கை இடம்பெறுகிறது. எபிரெயருக்கு எழுதிய திருமுகம் 8ஆம் அதிகாரத்தில் எரேமியாவின் பகுதியை முழுமையாக எடுத்தாள்கிறது; புதிய ஏற்பாட்டிலுள்ள மிக நீண்ட பழைய ஏற்பாட்டு மேற்கோள் அது. 2ஆம் நூற்றாண்டின் ஜஸ்டின் முதல் பல திருச்சபைத் தந்தையர், இஸ்ரவேலுக்கான வாக்குறுதிகள் திருச்சபைக்கு மாறிவிட்டன என்று வாதிட்டனர். யூதர்கள் மீதான நெடுங்கால இழிவுக்கு இந்த வாதம் துணைபோனது. உரோமையர் 11இல் கடவுளின் அழைப்பு மாறாதது என்று பவுல் எழுதியதை முன்வைத்து, 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் ‘நோஸ்த்ரா ஏத்தாத்தே’ அறிக்கை திசையை மாற்றியது. 1980இல் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், பழைய உடன்படிக்கை கடவுளால் ஒருபோதும் திரும்பப் பெறப்படவில்லை என்ற கருத்தை வெளிப்படையாகச் சொன்னார்.

இங்கிலாந்தின் பியூரிட்டன் போதகர்கள் காலத்திலிருந்தே யூதர்கள் பாலஸ்தீனத்துக்குத் திரும்புவார்கள் என்ற எதிர்பார்ப்பு சீர்திருத்தச் சபைகளில் இருந்தது. வரலாற்றைக் கடவுள் வகுத்த தனித்தனிக் காலங்களாகப் பிரிக்கும் ஜான் நெல்சன் டார்பியின் காலப்பகுப்புப் போதனையும், 1909இல் வெளிவந்த ஸ்கோஃபீல்டு விளக்க விவிலியமும் அதைப் பரப்பின. இவ்வழியினர் 1948இல் இஸ்ரேல் அரசு உருவானதை இறைவாக்கின் நிறைவேற்றமாகக் காண்கின்றனர். யூதரிடையே ஒத்த கருத்து இல்லை. ரபி ஆபிரகாம் ஐசக் கூக் சீயோனிய இயக்கத்தில் மீட்பின் தொடக்கத்தைக் கண்டார். சாத்மார் ரபி யோயேல் டைட்டல்பாம் மெசியாவுக்கு முந்திய அரசு நிறுவலையே பாவம் என்று 1961இல் நூல் எழுதினார். 1948இல் சுமார் 7 லட்சம் பாலஸ்தீனியர் வீடிழந்தனர். அவர்களுள் ஒருவரான ஆங்கிலிக்கன் குரு நயீம் அத்தீக், 1989இல் வெளியிட்ட நூலில் நாபோத்தின் திராட்சைத் தோட்டக் கதையை முன்னிறுத்துகிறார். பொய்ச்சாட்சியின் மூலம் அரசன் ஆகாபின் கைக்கு வந்த நிலம் அது. எரேமியா நூலும் 7ஆம் அதிகாரத்தில் அந்நியரையும் அநாதையையும் கைம்பெண்ணையும் ஒடுக்காதிருப்பதை இந்நாட்டில் குடியிருப்பதற்கான நிபந்தனையாக வைப்பதால், இந்த வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

பாட வேறுபாடு

கிரேக்கச் செப்துவஜிந்தாவில் எரேமியா நூல் எபிரேயப் பாடத்தைவிட ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு குறுகியது. ஆறுதல் நூல் அங்கே 37–40ஆம் அதிகாரங்களாக வருகிறது. கும்ரான் குகைகளில் இரண்டு வகைப் பாடங்களுக்கும் எபிரேயச் சுவடித் துண்டுகள் கிடைத்ததால், குறும்பாடம் மொழிபெயர்ப்பாளரின் வெட்டு அல்ல, பழைய எபிரேய வடிவமே என்று பலர் கருதுகின்றனர். கிரேக்கப் பாடத்தில் இல்லாதவற்றுள் மிக நீண்ட தொடர்பகுதி 33:14–26. தாவீதின் வழித்தோன்றலுக்கும் லேவிய குருக்களுக்கும் தந்த உடன்படிக்கை, பகலும் இரவும் மாறாததுபோல மாறாது என்று அது உறுதி கூறுகிறது. இது பின்னர் சேர்க்கப்பட்டதென்றால், ஆலயம் எழுந்தும் அரியணை எழாத பாரசீகக் காலத்தில், இழந்ததாகத் தோன்றிய வாக்கைக் கைவிட மறுத்த எழுத்தர்களின் வேலையாகவே அதைக் காண வேண்டும்.