விடிவெள்ளியும் டோக்கியோ மணியும்

"இவன் நெத்தி அன்னைக்கு வழுவழுன்னு இருந்துச்சே, இப்ப எப்படிடா எலும்பு முளைச்சுச்சு?" ஈப்போ வீட்டில் 'ஸ்டார் ட்ரெக்' ஓடிக்கொண்டிருந்தபோது பெரிய பாட்டி கேட்டார்.

சரியான கேள்வி. 1960-களின் தொடரில் கிளிங்கான்களுக்கு மனித நெற்றிதான். 1979 திரைப்படத்தில் மேடு பள்ளம் வந்துவிட்டது. ஒப்பனைக்குக் காசு கிடைத்தது, அவ்வளவுதான். ரசிகர்கள் விடுவார்களா? 1996-இல் 'டீப் ஸ்பேஸ் நைன்' காலப்பயணம் செய்து பழைய கதைக்குள்ளேயே போனபோது, அதை வெளியாரிடம் பேசுவதில்லை என்று வோர்ஃப் மழுப்பினான். 2005-இல் 'எண்டர்பிரைஸ்' ஒரு வைரஸைக் கொண்டுவந்து கணக்கை நேர்செய்தது. எனக்கு மழுப்பல்தான் பிடிக்கும்.

நம் இலக்கணத்தில் இதற்கு வழுவமைதி என்று பெயர். பிழை என்று தெரிந்தே, காரணம் காட்டி ஏற்பது. பாசத்தில் பசுவை "அம்மா வந்துட்டா" என்றால் திணை வழு. உவப்பு என்று சொல்லி அமைத்துக்கொள்ளலாம்.

எங்கள் குடும்பத்திலும் ஒரு வழு இருந்தது. பெரிய பாட்டி 1943 ஐப்பசி முதல் வாரம், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். கிராணி ஆபீஸ் கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கொடுத்த நேரம் காலை 7 மணி. அவருடைய அம்மாவோ, பிள்ளை பிறந்தபோது வாசலில் விடிவெள்ளி தெரிந்தது என்று சாகும்வரை சொன்னார். ஏழு மணிக்கு ஏது வெள்ளி? "வலியில எதையோ பாத்திருப்பா" என்று குடும்பம் அமைதி கண்டது.

மலாயாவின் கடிகாரம் பலமுறை தாவியிருக்கிறது. 1933-இல் 20 நிமிடம், 1941-இல் இன்னும் 10. கடைசியாக 1981 டிசம்பர் 31 இரவு, 11.30 ஆனதும் முள்ளை நேராக 12-க்குத் தள்ளினார்கள். நடுவில் 1942 முதல் 1945 வரை ஜப்பான்காரன் ஆட்சியில் நாடு முழுக்க டோக்கியோ நேரம், ஒன்றரை மணி முன்னால். அந்த ஏழு மணி, பழைய கணக்கில் 5.30. இருட்டு. அந்த ஐப்பசியில் வெள்ளி கிழக்கே விடியுமுன் எழுந்துகொண்டுதான் இருந்தது.

யுத்தம் முடிந்து ஜாதகம் எழுதியவர் இதைக் கழிக்கவில்லை. லக்னம் துலாம், எட்டில் செவ்வாய், தோஷம். வந்த சம்பந்தமெல்லாம் தட்டிப்போய், பெரிய பாட்டி கல்யாணமே கட்டவில்லை. 5.30 போட்டுப் பார்த்தேன். கன்னி லக்னம், செவ்வாய் ஒன்பதுக்குப் போய்விடுகிறது. எனக்கு ஜாதகத்தில் நம்பிக்கை இல்லை. ஆனால் இருந்தவர்களுக்கு அன்று இது போதுமானதாக இருந்திருக்கும்.

சொல்லலாமா என்று ஒரு வாரம் யோசித்து, சொன்னேன். கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார்.

"அப்ப அம்மா வெள்ளியப் பாத்தது நெசந்தான்" என்றார். "அடுத்ததைப் போடுடா."